நான்கே நாளில் அம்மா மாறிவிட்டார்: வயதா, மறதி நோயா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. கோவில்பட்டியில் என்னுடன் இருக்கிறார். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள். போன வாரம் வரை தானே சமைத்து, சீட்டுக் கணக்குகூடப் பார்த்துக்கொண்டிருந்தவர், நான்கு நாளாக ராத்திரியில் தூங்குவதே இல்லை. இறந்துபோன அப்பா வாசலில் நிற்கிறார் என்கிறார். புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறார். பகலில் அசந்து கிடக்கிறார், நடுவில் கொஞ்ச நேரம் நன்றாகவும் பேசுகிறார். காய்ச்சல் இல்லை. சளிக்கு மட்டும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பெங்களூரில் இருக்கும் அண்ணன், "இது மறதி நோய்தான், முதியோர் இல்லம் பார்ப்போம்" என்கிறார். சித்தியோ, "செத்தவர் வந்து கூப்பிடுகிறார், இனி ரொம்ப நாள் இல்லை" என்கிறார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா? அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் வேலையை விட வேண்டியிருக்குமா?

பதில்: தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். இன்றே அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வேலையை விடுவது, முதியோர் இல்லம் இரண்டைப் பற்றியும் இந்த வாரம் எந்த முடிவும் வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. ஒன்று, நான்கு நாள். மற்றொன்று, நடுவில் நன்றாகப் பேசுகிறார் என்பது. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். அதன் தொடக்கத்தில் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள், ஆனால் முழு விழிப்போடு இருப்பார்கள். போன வாரம் சீட்டுக் கணக்குப் பார்த்தவர் இந்த வாரம் இப்படி ஆவது அந்த நோயின் போக்கு அல்ல. சில மணி நேரத்திலோ சில நாளிலோ தொடங்கி, ஏறியும் இறங்கியும் வரும் இந்தக் குழப்பத்தை மருத்துவத்தில் டெலிரியம் என்போம். உடம்பில் வேறெங்கோ ஏற்பட்ட கோளாறு மூளையின் கவனத்தைக் கலைத்துவிடுகிறது. கிழமைகளைச் சனியில் தொடங்கிப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். நன்றாக இருந்தபோது எளிதாகச் சொல்லியிருக்கக்கூடியவர் இப்போது வெள்ளி, வியாழனோடு நின்று வேறெதையோ பேசினால், கலைந்திருப்பது கவனம்.

பெரும்பாலும் இதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைச் சரிசெய்யவும் முடியும். உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை நான் முதலில் சந்தேகப்படுவது மாத்திரைகளை. பிரஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன் ஆகியவை சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய அளவு 120-களுக்கு இறங்கினால் குழப்பம், தள்ளாட்டம், அளவுக்கு மீறிய தூக்கம் எல்லாம் வரும். இந்த மருந்துகள் தனியாக மட்டுமல்ல, வேறு மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வருவதால் பலருக்கு இதைச் சாப்பிடுகிறோம் என்பதே தெரியாது. சோடியம் குறைவு என்று தெரிந்தால் வீட்டில் உப்புக் கரைத்துக் கொடுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அதை மெதுவாக, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் மூளைக்கே கேடு.

அடுத்தது அந்தச் சளி மாத்திரை. கடைகளில் கொடுக்கும் பல சளி மாத்திரைகளில் குளோர்பெனிரமின் இருக்கிறது. நமக்கு லேசான தூக்கத்தை மட்டும் தருகிற இந்த மருந்து, முதியவரின் மூளையில் கவனத்துக்கும் நினைவுக்கும் வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வேலை செய்வதைத் தடுக்கிறது. சிறுநீரையும் மலத்தையும் கட்டவும் செய்யும். சிறுநீர்ப்பை நிரம்பி வலித்தாலும் சொல்லத் தெரியாமல் புடவையைப் பிடித்து இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், எவ்வளவு கழித்தார் என்று பாருங்கள். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்லும் மருந்துகளில் இதுவும் உண்டு. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளும் அதில் உண்டு. நீங்கள் கேட்ட மாத்திரைக்கு அவ்வளவு அழுத்தமாக வேண்டாம் என்றதற்குக் காரணம் அதுதான். ஏற்கெனவே கலங்கியிருக்கும் மூளையை அது இன்னும் கலக்கும், எழுந்து நடந்தால் விழவும் வைக்கும்.

சிறுநீர்த் தொற்று, நிமோனியா ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். காய்ச்சல் இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம், இந்த வயதில் காய்ச்சல் இல்லாமலேயே தொற்று வரும். நெஞ்சு வலி இல்லாமல் மாரடைப்பும் வருவதுண்டு. சமீபத்தில் எங்காவது வழுக்கி விழுந்தாரா என்று யோசியுங்கள். தலையில் பட்ட சின்ன அடியால்கூட உள்ளே ரத்தம் மெல்லக் கசிந்து, சில வாரம் கழித்துக் குழப்பமாக வெளிப்படலாம்.

கிளம்பும் முன் வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, அவர் விழித்திருந்து விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் சர்க்கரை ஏறிய பிறகும் திரும்ப இறங்கக்கூடும், அதனால் மருத்துவமனைப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். எழுப்பினாலும் எழாவிட்டால், வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால், வலிப்பு வந்தால், மூச்சு வாங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாதம் என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நான்கரை மணி நேரம்தான் அவகாசம்.

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். பழைய அட்டை, கடையில் வாங்கியது, நாட்டு மருந்து எதையும் விட்டுவிடாதீர்கள். கூட்டமான ஓ.பி.யில் "வயசாயிடுச்சும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட வாய்ப்பு உண்டு. அப்போது பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்: "போன வாரம் வரைக்கும் அம்மா இப்படி இல்லை. நாலு நாளாத்தான். மாத்திரை மாத்தியிருக்காங்க. சோடியம், சர்க்கரை, யூரின் பாத்துடுங்க." அம்மா முன்பு எப்படி இருந்தார் என்று எந்தப் பரிசோதனைக் கருவியாலும் சொல்ல முடியாது, உங்களால் மட்டும்தான் முடியும். ரத்த அணுக்கள், கிரியாட்டினின், இ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் தலைக்கு சி.டி. ஸ்கேன் ஆகியவற்றை மருத்துவர் முடிவுசெய்வார்.

சேர்க்கச் சொன்னால், இப்போது உங்கள் அண்ணன் செய்ய வேண்டியது முதியோர் இல்லம் தேடுவதல்ல, வந்து அம்மாவோடு இரவில் உட்காருவது. தெரிந்த முகம் அருகில் இருப்பதும் மருத்துவத்தில் சேர்ந்ததுதான். 1999-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு, 70 வயதைத் தாண்டிய 852 நோயாளிகளிடம் இதைப் பார்த்தது. இடத்தையும் நாளையும் நினைவூட்டுவது, கண்ணாடியும் காது கருவியும் எடுத்துக் கொடுப்பது, நடக்க வைப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, மருந்தில்லாமல் தூங்க உதவுவது: இவ்வளவுதான் செய்தார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம், இவர்களில் 9.9 சதவீதமாகக் குறைந்தது. வந்துவிட்ட குழப்பத்தைக் கையாளவும் நாங்கள் இதையேதான் செய்கிறோம். பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் வரவிடுங்கள். உட்கார வையுங்கள், முடிந்தால் பிடித்துக்கொண்டு நடக்க வையுங்கள். அப்பா வந்திருக்கிறார் என்றால், "அப்பா செத்து எத்தனை வருஷமாச்சு" என்று வாதாட வேண்டாம். "நான் பக்கத்துலதான் இருக்கேன்மா" போதும். யாராவது கையைக் கட்டிலோடு கட்டச் சொன்னால் மறுத்துவிட்டு, நீங்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், எப்போது எடுக்கலாம் என்று தினமும் கேளுங்கள்.

சித்தியின் பயத்தை ஒதுக்கித் தள்ளாதீர்கள். இறந்தவர்களைப் பார்த்ததாகச் சொன்ன பெரியவர்கள் சில நாளில் இறந்துபோனதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு உள்ளே இருந்த நோயை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அதைத் தேடத்தான் இப்போது போகிறோம் என்று சித்தியிடம் சொல்லுங்கள்.

காரணம் சரியான அன்றே அம்மா பழையபடி ஆகிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலருக்குச் சில நாள், சிலருக்குச் சில வாரம், அரிதாக மாதங்கள்கூட ஆகும். அண்ணன் சொல்வதிலும் ஓரளவு நியாயம் உண்டு. இப்படி ஒருமுறை குழம்புபவர்களில் சிலருக்கு, அதுவரை வெளியே தெரியாத மறதி நோய் உள்ளே இருக்கும். அதை இப்போது சோதித்தால் தப்பான விடைதான் வரும். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து நினைவாற்றல் பரிசோதனை செய்யுங்கள். தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுபவர் என்றால் வைட்டமின் பி12-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவரை வேலையை விடாமல், விடுப்பு எடுக்க முடியுமா பாருங்கள். குழப்பம் முழுதும் தெளியும் வரை சொத்து, வங்கிக் காகிதம் எதிலும் அம்மாவிடம் கையெழுத்து வாங்க வேண்டாம், யாரையும் வாங்கவிடவும் வேண்டாம்.

டெலிரியம் வந்த தேதியையும் அதற்குக் காரணமான மருந்தின் பெயரையும் அம்மாவின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். நாளைக்குக் கண்புரைக்கோ இடுப்பு எலும்புக்கோ அறுவை சிகிச்சை என்றால், மயக்க மருந்து கொடுப்பவரிடம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும்.