ஒரே போட்டோ, ஆப்புக்கு ஒரு கலர் ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், போட்டோஷாப்ல பாத்துப் பாத்து எடிட் பண்ணி ஜேபெக்கா சேவ் பண்றேன். பிரவுசர்ல திறந்தா அப்படியே இருக்கு, ஆனா கம்ப்யூட்டர்ல இருக்கற சின்ன வியூவர்ல திறந்தா கலரெல்லாம் வெளிறிப்போய் இருக்கு. ஃப்ரெண்டோட புது மானிட்டர்ல அதே வியூவர்ல வேற ஒரு போட்டோவைப் பாத்தா முகமெல்லாம் செக்கச்செவேல்னு இருக்கு. இதுல எதைத்தான் நம்பறது?

பதில்: நீங்க பாத்தது ரெண்டு தனித்தனி பிரச்சனை, ஆனா வேர் ஒண்ணுதான். போட்டோ ஃபைலுக்குள்ள கலர்னு எதுவும் கிடையாது, வெறும் நம்பர்தான் இருக்கு. ஒரு பிக்சலுக்கு சிவப்பு, பச்சை, நீலம்னு 3 நம்பர், சாதாரண ஜேபெக்ல ஒவ்வொண்ணும் 0 முதல் 255 வரைக்கும். நீளம் 10னு மட்டும் எழுதிட்டு அங்குலமா சென்டிமீட்டரான்னு சொல்லாம விட்டா எப்படியோ அப்படித்தான் இதுவும், 255ன்னா எந்தச் சிவப்போட 255ன்னு ஃபைல் சொல்லியாகணும். அதைச் சொல்றதுக்குத்தான் ஃபைலோட ஒரு சின்ன ப்ரொஃபைல் ஒட்டி வருது, ஐசிசி ப்ரொஃபைல்னு சொல்வாங்க, 1993ல அடோபி, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், கோடாக் இவங்கெல்லாம் சேந்து ஆரம்பிச்ச அமைப்போட பேருதான் ஐசிசி.

நம்பரோட வச்சு சொன்னாதான் இது நல்லா புரியும். எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி, ப்ரோஃபோட்டோ ஆர்ஜிபி இதெல்லாம் எந்த நம்பருக்கு எந்தக் கலர்னு சொல்ற தனித்தனி அளவுகோல். எஸ்ஆர்ஜிபில முழுச் சிவப்பு 255, 0, 0. கண்ணுக்குத் தெரியற அதே சிவப்பை அடோபி ஆர்ஜிபில எழுதினா சுமார் 219, 0, 0. ஏன்னா அடோபி ஆர்ஜிபியோட எல்லை இன்னும் தள்ளி இருக்கு, அதனால அதே இடத்தைச் சொல்ல சின்ன நம்பரே போதும். இப்போ உங்க ஃபைல் அடோபி ஆர்ஜிபில சேவ் ஆயிருக்குன்னு வைங்க, போட்டோஷாப்பும் பிரவுசரும் ப்ரொஃபைலைப் படிச்சு, ஓ இது அடோபி ஆர்ஜிபியோட 219ன்னு தெரிஞ்சுக்கிட்டு சரியா மாத்திக் காட்டுது. உங்க சின்ன வியூவர் ப்ரொஃபைலைத் தொடவே இல்ல, 219ஐ அப்படியே மானிட்டருக்குத் தூக்கிப் போடுது, மானிட்டர் அதைத் தன்னோட 219னு எடுத்துக்குது, அதான் வெளிறிப் போச்சு. ப்ரோஃபோட்டோ ஆர்ஜிபில சேவ் பண்ணி இப்படித் திறந்தா இன்னும் மோசம், அதோட எல்லைல ஒரு பகுதி மனுஷக் கண்ணுக்கே தெரியாத இடத்துக்குப் போகுது, அவ்ளோ பெருசு.

ஃப்ரெண்டோட மானிட்டர்ல நடக்கறது இதுக்கு நேர் எதிர். அது பெரும்பாலும் வைட் காமட் மானிட்டரா இருக்கும், அதாவது எஸ்ஆர்ஜிபியைவிட அடர்த்தியான கலர் காட்டக்கூடியது. எஸ்ஆர்ஜிபி போட்டோவோட 255ஐ வியூவர் மாத்தாம அனுப்பினா, மானிட்டர் தன்னால முடிஞ்ச அதிகபட்ச சிவப்பைக் காட்டிடும். தோல் கலர்ல சிவப்பு ஜாஸ்தி இருக்கறதால அங்கதான் முதல்ல உறுத்தும்.

ஆக எதை நம்பறதுன்னா, ஃபைலோட ப்ரொஃபைலையும் மானிட்டரோட ப்ரொஃபைலையும் ரெண்டையும் படிக்கிற ஆப்பை நம்புங்க. ரெண்டுல ஒண்ணை விட்டாலும் கணக்கு தப்பு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 இதுக்கு நல்ல உதாரணம், ஃபைலோட ப்ரொஃபைலைப் படிச்சு எஸ்ஆர்ஜிபிக்கு மாத்தும், ஆனா மானிட்டர் ப்ரொஃபைலைக் கண்டுக்காது, அதனால சாதா மானிட்டர்ல ஓரளவு சரியாவும் வைட் காமட்ல தப்பாவும் காட்டுச்சு. இர்ஃபான்வியூ, ஃபாஸ்ட்ஸ்டோன் மாதிரி வியூவர்ல கலர் மேனேஜ்மென்ட்டுக்கு, அதாவது ப்ரொஃபைலைப் படிச்சு கலரை மாத்தற வேலைக்கு, செட்டிங்ஸ்ல தனியா ஆப்ஷன் இருக்கு, அது ஆன்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. தயவுசெஞ்சு தப்பாக் காட்டற வியூவருக்கு ஏத்த மாதிரி போட்டோவுல சாச்சுரேஷனை, அதாவது கலரோட அடர்த்தியை, ஏத்திடாதீங்க, அப்புறம் சரியாக் காட்டற எல்லா இடத்துலயும் அது கெட்டுப்போயிடும், நிறைய பேர் நல்ல போட்டோவை இப்படித்தான் பாழாக்கறாங்க.

கேள்வி: வெப்சைட்டுக்கு ஒரு பேனர் பண்ணேன். பேனரோட பின்னணியும் பக்கத்தோட பின்னணியும் ஒரே கலர் கோடுதான், அதாவது ஒரே கலர் நம்பர்தான். ஒரு பிரவுசர்ல ரெண்டும் ஒண்ணாக் கலந்துடுது, ஃபயர்ஃபாக்ஸ்ல மட்டும் பேனரைச் சுத்தி பெட்டி மாதிரி தெரியுது. கோடை நாலு தடவை சரிபாத்துட்டேன்.

பதில்: உங்க கோடு சரிதான். ஃபயர்ஃபாக்ஸ்ல கலர் மேனேஜ்மென்ட் மோடுன்னு ஒரு செட்டிங் இருக்கு, 0ன்னா ஆஃப், 2ன்னா ப்ரொஃபைல் ஒட்டியிருக்கிற படத்தை மட்டும் மாத்தும், 1ன்னா எல்லாத்தையும் மாத்தும், ப்ரொஃபைல் இல்லாத படத்தையும் பக்கத்தோட ஸ்டைல்ஷீட் கலரையும் எஸ்ஆர்ஜிபின்னு எடுத்துக்கிட்டு. ரொம்ப காலமா டீஃபால்ட்டா இருக்கறது 2. உங்க பேனர்ல ப்ரொஃபைல் இருக்கு, அது மானிட்டருக்கு ஏத்த மாதிரி மாறுது, பின்னணிக் கலருக்கு ப்ரொஃபைல் கிடையாது, அது நேரா மானிட்டருக்குப் போகுது, அதனால ஒரே நம்பர் ரெண்டு கலரா வந்து நிக்குது. குரோம், சஃபாரி மாதிரி ஆட்கள் ப்ரொஃபைல் இல்லாததையும் எஸ்ஆர்ஜிபியா எடுத்துக்கறதால அங்க ஒட்டிக்குது.

உங்க கம்ப்யூட்டர்ல நீங்க 1னு மாத்திக்கலாம், வைட் காமட் மானிட்டர் வச்சிருக்கிற எல்லாருக்கும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனா வர்ற பார்வையாளர் எல்லாரும் மாத்தி வைக்கப் போறதில்லையே, அதனால பின்னணியோட ஒட்டவேண்டிய பேனர், லோகோ இதுக்கெல்லாம் படத்தோட பின்னணியை டிரான்ஸ்பரன்ட்டா விட்டுடுங்க, பிரச்சனையே வராது. இன்னொண்ணு, பிஎன்ஜி ஃபைலா இருந்தா ப்ரொஃபைல் இல்லன்னாலும் உள்ள காமான்னு ஒரு தகவல் ஒளிஞ்சிருக்கலாம், சில பிரவுசர் அதையும் படிச்சு வெளிச்சத்தை மாத்தும், அதையும் எடுத்துட்டு சேவ் பண்ணுங்க.

கேள்வி: விண்டோஸோட பழைய போட்டோ வியூவர்ல மட்டும் வெள்ளையெல்லாம் மஞ்சளாத் தெரியுது. மத்த எல்லா ஆப்லயும் வெள்ளை வெள்ளையாத்தான் இருக்கு. வைரஸா?

பதில்: வைரஸ் இல்ல. அந்தப் பழைய வியூவர் மானிட்டர் ப்ரொஃபைலை ஒழுங்காப் படிக்கிற ஆப், படிக்கப்போய்தான் மாட்டிக்கிச்சு. மானிட்டர் கம்பெனியோட டிரைவர் இன்ஸ்டால் ஆகும்போது சில சமயம் உருப்படி இல்லாத ஒரு ப்ரொஃபைல் உள்ள வந்து உக்காந்துடும். மத்த ஆப்பெல்லாம் அதைக் கண்டுக்காததால தப்பிச்சுது. கன்ட்ரோல் பேனல்ல கலர் மேனேஜ்மென்ட் திறந்து, உங்க மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, அங்க இருக்கற ப்ரொஃபைலை எடுத்துட்டு எஸ்ஆர்ஜிபியைச் சேத்து டீஃபால்ட் ஆக்கிடுங்க, வியூவரை மூடித் திறந்தா வெள்ளை திரும்பிடும். வைட் காமட் மானிட்டரா இருந்தா மட்டும் எஸ்ஆர்ஜிபி போடாதீங்க, அதுக்குச் சரியா அளந்த ப்ரொஃபைல்தான் வேணும்.

கேள்வி: காசு செலவு பண்ணி கேலிப்ரேஷன் கருவி வாங்கி மானிட்டரை அளந்துட்டேன். இப்போ ஆப்புக்கு ஆப்பு வித்தியாசம் முன்னைவிட ஜாஸ்தியாத் தெரியுது! கருவி பழுதா?

பதில்: கருவி தன் வேலையைச் சரியாத்தான் பண்ணியிருக்கு. அந்தக் கருவி ரெண்டு வேலை பண்ணும், இதைப் பிரிச்சு யாரும் சொல்றதில்ல, அங்கதான் எல்லாரும் குழம்பறாங்க. முதல் வேலை கேலிப்ரேஷன், வெள்ளையையும் சாம்பலையும் வெளிச்சத்தையும் நேராக்கி அந்தத் திருத்தத்தை கிராஃபிக்ஸ் கார்டுல ஏத்திடும், அது ஸ்கிரீன்ல வர்ற எல்லாத்துக்கும் பொருந்தும், எந்த ஆப்பா இருந்தாலும் சரி. ரெண்டாவது வேலை ப்ரொஃபைலிங், அதாவது இந்த மானிட்டரோட சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவுன்னு அளந்து ஒரு ஃபைல்ல எழுதி வைக்கிறது. இந்த ஃபைலை யாரு கேட்டு வாங்கிப் படிக்கிறாங்களோ அவங்களுக்கு மட்டும்தான் பலன். முன்னாடி சரியான ப்ரொஃபைலே இல்லாததால எல்லா ஆப்பும் ஒரே மாதிரி தப்பாக் காட்டிட்டு இருந்துச்சு, உங்களுக்கு வித்தியாசம் தெரியல. இப்போ படிக்கிற ஆப் சரியாக் காட்டுது, படிக்காத ஆப்ல கலர் அடர்த்தி பழையபடியே இருக்கு, நடுவுல இருக்கற இடைவெளி இப்பதான் கண்ணுக்குத் தெரியுது.

மேக்ல இந்தத் தொல்லை குறைவு, அங்க கலர்சிங்க்னு சிஸ்டத்துக்குள்ளயே இந்த வேலை நடக்குது. விண்டோஸ்ல ரொம்ப காலமா அந்தந்த ஆப் பாத்துக்கணும்னு விட்டுட்டாங்க. ரெண்டு மானிட்டர் மாட்டியிருந்தீங்கன்னா இன்னொண்ணும் கவனிங்க, சில ஆப் மெயின் மானிட்டரோட ப்ரொஃபைலை மட்டும் எடுத்துக்கிட்டு ரெண்டுலயும் அதையே போடும், விண்டோவை இழுத்துட்டு அடுத்த மானிட்டருக்குப் போனா கலர் மாறுறது அதனாலதான். ஸ்கிரீன் கலரைத் தானா மாத்தற நைட் லைட், ட்ரூ டோன் மாதிரி விஷயங்களை எடிட் பண்ற நேரத்துல அணைச்சு வைங்க.

கேள்வி: போன்ல எடுத்த போட்டோ போன்ல அவ்ளோ அழகா இருக்கு, ஒரு சைட்ல ஏத்தினதும் செத்துப் போகுது. கம்ப்ரஷன்தான் காரணமா?

பதில்: கம்ப்ரஷன்ல நுணுக்கமும் ஓரங்களும்தான் கெடும், மொத்தமா கலர் சாயறதுக்கு காரணம் வேற. ஐபோன் 7ல இருந்து, அதாவது 2016ல இருந்து, ஐபோன் போட்டோ டிஸ்பிளே பி3ங்கற இன்னொரு அளவுகோல்ல வருது, அது எஸ்ஆர்ஜிபியைவிடப் பெருசு. எஸ்ஆர்ஜிபியோட முழுச் சிவப்பு அங்க சுமார் 234, 51, 35. சைட்டுக்காரங்க போட்டோவைச் சின்னதாக்கும்போது ஃபைல் சைஸ் குறையட்டும்னு ப்ரொஃபைலை வெட்டிப் போட்டுட்டா, நம்பர் பி3ல எழுதினதாவே நிக்கும், படிக்கிறவன் எஸ்ஆர்ஜிபின்னு படிப்பான், கலர் மங்கிடும். நியாயமா அவங்க முதல்ல எஸ்ஆர்ஜிபிக்கு மாத்திட்டுதான் வெட்டணும், சில கிலோபைட் மிச்சம் பிடிக்க எடுத்தவனோட உழைப்பைக் கெடுக்கறது எனக்குச் சுத்தமாப் பிடிக்கல.

அவங்க மாறுற வரைக்கும் நீங்க காத்திருக்க வேண்டாம். ஏத்தறதுக்கு முன்னாடி எஸ்ஆர்ஜிபிக்கு கன்வர்ட் பண்ணி, ப்ரொஃபைலையும் சேத்து எக்ஸ்போர்ட் பண்ணுங்க. அப்போ ப்ரொஃபைல் வெட்டுப்பட்டாலும் பெரிய சேதம் இருக்காது, ப்ரொஃபைல் இல்லாத படத்தைப் பெரும்பாலான ஆப் எஸ்ஆர்ஜிபின்னுதான் எடுத்துக்கும். போட்டோஷாப்ல கன்வர்ட் டு ப்ரொஃபைல்தான் கொடுக்கணும், அசைன் ப்ரொஃபைல் கொடுத்தா நம்பர் அப்படியே இருந்து பேரு மட்டும் மாறும், கலர் கெட்டுடும். கேமராவுல எடுக்கறவங்களுக்கு ஒரு குறிப்பு, ஃபைல் பேரு அண்டர்ஸ்கோர்ல ஆரம்பிச்சா கேமரா அடோபி ஆர்ஜிபில செட் ஆயிருக்குன்னு பொதுவா அர்த்தம்.

கேள்வி: ரா ஃபைலைத் திறந்தா முதல் ஒரு செகண்ட் கலர் சூப்பரா இருக்கு, அப்புறம் கண்ணு முன்னாடியே மங்கிடுது. இதுவும் ப்ரொஃபைல் பிரச்சனையா?

பதில்: இல்ல, இது வேற கதை. ரா ஃபைல்னா கேமரா சென்சார் பதிஞ்ச தகவலை அப்படியே வச்சிருக்கிற ஃபைல், அதுக்குள்ள கேமரா தானே தயாரிச்ச ஒரு ஜேபெக் ப்ரிவ்யூவும் இருக்கும், கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன் எல்லாம் ஏத்தி. முதல்ல தெரியறது அது. அப்புறம் சாஃப்ட்வேர் சென்சார் தகவலை எடுத்து தன் பாணில புதுசாப் படம் பண்ணுது, அதான் மாறுது. வெறும் வியூவர் பல சமயம் ப்ரிவ்யூவோட நின்னுடும், அதனால வியூவர்ல ஒரு கலர், எடிட்டர்ல ஒரு கலர். கேமரா காட்டினதுக்குப் பக்கத்துல வேணும்னா லைட்ரூம் எடிட்டர்ல ப்ரொஃபைல் இடத்துல அடோபி கலருக்குப் பதிலா கேமரா மேட்சிங்ல இருக்கற கேமரா ஸ்டாண்டர்ட் எடுத்துப் பாருங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும்.