மழையா, இருட்டா?

அன்புள்ள சார்,

வேலூரில் சைக்கிளை ஒழித்தது வெயில்தான் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். என் வீட்டுக் கதை வேறு. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த சைக்கிளில் பாலாற்றுப் பாலம் தாண்டி மாலை டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நவம்பரில் நிறுத்திவிட்டாள். இப்போது நான்தான் பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன். மழைதான் காரணம் என்கிறார் என் மனைவி. மழை பெய்யாத நாளிலும் எடுப்பதில்லையே, இருட்டுதான் என்கிறேன் நான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

விருதம்பட்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

என் ஓட்டு உங்களுக்குத்தான். ஆனால் உங்கள் மனைவி கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் பொழுது சீக்கிரம் சாய்வதும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே வருகின்றன. எது சைக்கிளை நிறுத்தியது என்று எப்படிப் பிரிப்பது?

குளிர்நாடுகளிலும் இதே சிக்கல்தான், அங்கே இருட்டோடு குளிரும் வரும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் உட்லி, ஸ்டீவ் ஃபோட்டியோஸ் இருவரும் 2017இல் வெளியான ஆய்வில் இதற்கு ஒரு வழி பிடித்தார்கள். அமெரிக்காவில் வருடத்துக்கு இருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றிவைப்பார்கள். போன வாரம் வெளிச்சமாக இருந்த மாலை, இந்த வாரம் அதே மணிக்கு இருட்டாகிவிடும். வானிலை பெரிதாக மாறியிருக்காது, ஆபீஸ் நேரமும் அதேதான். வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் பாதையோரக் கருவிகள் எண்ணிவைத்த கணக்கை ஒப்பிட்டார்கள். இருட்டில் சைக்கிள்கள் குறைந்திருந்தன. நடப்பவர்கள் இன்னும் அதிகமாகக் குறைந்திருந்தார்கள்.

நமக்குக் கடிகார மாற்றம் கிடையாது. ஆனாலும் ஒரு சோதனை உண்டு. வேலூரில் ஜனவரி தொடக்கத்தில் ஆறு மணிவாக்கில் சூரியன் இறங்கிவிடும், பிப்ரவரி கடைசியில் ஆறேகால் தாண்டும். இரண்டு சமயத்திலும் பெரிதாக மழை இருக்காது, டியூஷன் இருக்கும். பிப்ரவரியில் அவளாகவே சைக்கிளைத் துடைத்து எடுத்தால், வீட்டு வழக்கில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

அதற்காக வெயிலை நான் விட்டுவிடவில்லை. மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆற்காடு ரோட்டில் யார் மிதிப்பார்கள்? இங்கே சைக்கிளுக்குத் தோதான நேரமே விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பிறகும்தான். அதையும் இருட்டுப் பயம் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் எதுவுமில்லை. விடிகாலையில் நேதாஜி மார்க்கெட் பக்கம் காய்கறி மூட்டையோடு சைக்கிள்கள் போகின்றனவே என்பீர்கள். போகிறவர்களுக்கு வேறு வழியில்லை. பைக் வைத்திருக்கும் அப்பா உள்ளவர்கள்தான் முதலில் விலகுகிறார்கள்.

பயம் சும்மா வருவதில்லை. எதிரில் வரும் பஸ் ஹைபீம் போட்டால் கண் கூசிச் சில நொடிகள் ஒன்றும் தெரியாது. பள்ளமோ படுத்திருக்கும் மாடோ அந்த நொடிகளில்தான் வந்து சேரும். பழைய டைனமோ லைட் மெதுவாகப் போனால் மங்கும், நின்றால் அணையும், அதாவது தடுமாறும் இடத்தில் கைவிடும். (அதுவும் இல்லாமல் போனால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்ட காலம் ஒன்று இருந்தது.) இப்போதைய சார்ஜ் லைட் எவ்வளவோ மேல். பின்பக்கத்துக்குச் சிவப்பு லைட் ஒன்று கட்டாயம் வாங்கிக்கொடுங்கள்.

ஆனால் அது அவளை மற்றவர்கள் பார்ப்பதற்கு. அவளுக்கு வழி தெரியத் தெருவிளக்கு வேண்டும். அதே ஆய்வாளர்கள் இன்னொருவரோடு சேர்ந்து இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பார்த்து 2020இல் வெளியிட்டதன்படி, விளக்குகள் நெருக்கமாகவும் வெளிச்சமாகவும் உள்ள இடங்களில் இருட்டிய பிறகும் சைக்கிள்கள் அவ்வளவாகக் குறைவதில்லை. அதற்குக் கொஞ்ச வெளிச்சமே போதும், மேலே கூட்டக் கூட்டப் பலன் சுருங்கும். நாமோ சந்திப்பில் ஹைமாஸ்ட் எனும் உயரக் கம்ப விளக்கைப் போட்டுப் பகலாக்குகிறோம், அடுத்த சந்தில் நாலு கம்பம் அணைந்து கிடக்கும். இதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஒரு நாள் ஆறரை மணிக்கு பைக்கை விட்டுவிட்டு நீங்களும் அவளோடு சைக்கிளில் போய் வாருங்கள். எங்கே பயம் என்று அவளையே காட்டச் சொல்லுங்கள். நீங்கள் நினைக்கும் பாலமாக இல்லாமல் டியூஷன் சந்தாகக்கூட அது இருக்கலாம். எரியாத கம்பங்களின் எண்களைக் குறித்து மாநகராட்சிக்கு எழுதிப்போடுங்கள்.