பதினாறாம் நாள் அட்டையில் 'கருமாதி' போடலாமா?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 16ஆம் நாள் காரியத்தைக் கருமாதி என்போம். அட்டை அடிக்கும்போது, "அது கரிநாளைச் சொல்லும் வார்த்தை, போடாதே" என்று தடுத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சம்பந்தி வீட்டார் சொல்லும் அந்தியேட்டிதான் சரியா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: தாராளமாகப் போடலாம். 'கரு' என்று தொடங்குவதால் வந்த பயம் அது. கருமம் + ஆதி, கருமாதி. கருமம் என்றால் செய்ய வேண்டிய வேலை. 'தவஞ்செய்வார் தங்கருமஞ் செய்வார்' என்ற 266ஆம் குறளில் வருவதும் இதே சொல். ஆதிக்கு இங்கே 'முதலானவை' என்று பொருள், இத்தியாதியில் வருகிற மாதிரி. பிண்டம் வைப்பது, எள்ளுந் தண்ணீரும் இறைப்பது முதலான கடன்கள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர். கௌரவத்துக்காகச் சிலர் 'கருமக்கிரியை' என்று அடிக்கிறார்கள். கருமம், கிரியை இரண்டும் 'செய்' என்று பொருள்படும் ஒரே வடமொழி வேரில் பிறந்தவை. சொன்னதையே திரும்பச் சொல்வதுதான் மிச்சம். நம் பாட்டன் பூட்டன் சொன்ன சொல்லுக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தியேட்டி என்பது அந்திய + இஷ்டி, கடைசி வேள்வி. யாழ்ப்பாணத்தவர்கள் 31ஆம் நாள் கீரிமலையிலும் மற்ற தீர்த்தங்களிலும் செய்வது. நாளும் முறையும் வேறு என்பதால் 16ஆம் நாளுக்கு அந்தப் பெயரைப் போட வேண்டாம்.

கேள்வி: ஈமம் என்றால் சிதை. தோட்டத்தில் புதைக்கிறோமே, ஈமச்சடங்கு என்று சொல்லலாமா?
– வாசகர், பதுளை

பதில்: சொல்லலாம். புறநானூறு 246இல் பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு சொல்லும் ஈமம் விறகு அடுக்கிய சிதை. அதே நூலின் 256ஆம் பாட்டில் ஒரு பெண் குயவரிடம் கேட்கும் ஈமத்தாழியோ புதைக்கிற தாழி.

கேள்வி: மரணம் 3ஆம் திகதி. மகன் வரும்வரை வைத்திருந்து 5ஆம் திகதி அடக்கம் செய்தோம். 16ஆம் நாள் எது?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: 18ஆம் திகதி. இறந்த நாளை ஒன்று என்று எண்ணுவதே வழக்கம். மூன்றோடு பதினாறைக் கூட்டி 19 என்று அட்டை அடித்துவிடுகிறார்கள். அடக்க நாளிலிருந்து எண்ணினால் 20 ஆகிவிடும். பால் தெளிப்பு மட்டும் அடக்கத்தை ஒட்டியது, மறுநாளோ மூன்றாம் நாளோ. அன்றைக்குப் பாலோடு மண்வெட்டியும் எடுத்துப் போங்கள். புது மண் தானாகவே அமுங்கும். சரிவில் மழைத் தண்ணீரும் சேர்ந்தால் மேடு கரைந்துவிடும். மேட்டுக்கு மேற்புறமாக ஒரு சாண் ஆழத்தில் கான் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பி, அமுங்கிய இடத்தில் மண் போட்டுத் தட்டிய பிறகு பால் தெளியுங்கள்.