டிவியோடு இணைத்த கணினிக்கு டச்பேட் கீபோர்டு: புளூடூத்தா, டாங்கிளா?

டாங்கிளோடு, அதாவது யூஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டி ரிசீவரோடு, வருவதையே வாங்குங்கள். புளூடூத் கீபோர்டு பெரும்பாலும் விண்டோஸ் ஓடத் தொடங்கிய பிறகுதான் வேலை செய்யும். பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ் திரை) போக வேண்டிய நாளில் வேறொரு கீபோர்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும். லாஜிடெக் கே400 பிளஸ் உங்களுக்குப் போதும். டச்பேட் வலப்பக்கம், கிளிக் பட்டன் ஒன்று இடது மேல் மூலையில். மடியில் வைத்தபடியே இரண்டு கையாலும் ஓட்டலாம்.

ஆனால் சோபாவில் உட்கார்ந்தால் இப்போதைய கீபோர்டின் கர்சர் திக்கித் திக்கி நகர்கிறது என்கிறீர்களே, அது கீபோர்டின் குற்றமாக இல்லாமலும் இருக்கலாம். இந்த டாங்கிள்கள் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். பக்கத்து யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதன் இரைச்சலும் அதே அலைவரிசையில்தான் விழும். எங்கள் வீட்டில் படம் காப்பியாகும் நேரத்தில் மட்டும் கர்சர் அப்படியே நின்றுவிடும்.

முதலில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டுக் கர்சரை நகர்த்திப் பாருங்கள். சரியாகிவிட்டால், ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளைக் கணினியின் பின்பக்கத்திலிருந்து டிவிக்கு முன்னால் கொண்டுவந்து வையுங்கள். புதுக் கீபோர்டே தேவைப்படாமல் போகலாம்.

அப்புறம், விளக்கணைத்துப் படம் பார்க்கும் வழக்கம் உண்டென்றால் யோசித்து வாங்குங்கள்: கே400 பிளஸில் எழுத்துகளுக்கு அடியில் விளக்கு கிடையாது.