போக்கர் ஆடிப் பிழைத்த எட்டு வருஷம்: கேள்வி பதில்

நான் பாளையங்கோட்டைக்காரன். 2013 முதல் 2020 வரை போக்கர்தான் எனக்குத் தொழில், வீடு நடந்ததும் அந்தப் பணத்தில்தான். இப்போது ஆடுவதில்லை. நம் பக்கத்து ஆட்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மேலப்பாளையம் மாணவர்: அண்ணாச்சி, எனக்கு மங்காத்தாவும் ரம்மியும் தெரியும். போக்கர் எப்படி வேறு?

மங்காத்தாவில் சீட்டு உள்ளே விழுமா, வெளியே விழுமா, அவ்வளவுதான். போக்கரில் உன் கையில் மூடிய சீட்டு இரண்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் உன் கை. நாலு சுற்றுப் பந்தயம். ஒவ்வொரு சுற்றிலும் பணம் கட்டலாம், ஏற்றலாம், சீட்டை மடக்கி விலகலாம். மற்ற எல்லாரும் மடக்கிவிட்டால், உன்னிடம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பணம் உனக்குத்தான். ஆனால் தம்பி, தொழிலாக ஆடுகிறவன் அதிகம் செய்வது மடக்குவதுதான். பத்து ஆட்டத்தில் ஏழெட்டை ஆரம்பத்திலேயே விட்டுவிடுவேன்.

பேட்டை வாசகர்: திறமை இருந்தால் ஜெயித்துக்கொண்டே இருக்கலாமே?

முடியாது. இரண்டு ஏஸும் இரண்டு ராஜாவும் மோதினால் ஏஸ் வைத்திருப்பவர் நூற்றுக்குச் சுமார் 82 தடவை ஜெயிப்பார். மீதி 18 தடவை தோற்கத்தான் வேண்டும்.

எனக்கு அது கோவாவில் நடந்தது. மாண்டோவி ஆற்றில் நிற்கும் ஒரு கேசினோ கப்பலில் மூன்று நாள் போட்டி. இன்னும் இரண்டு பேர் வெளியேறினால் மிச்சமிருக்கும் எல்லாருக்கும் பரிசு. என்னிடம் இரண்டு ஏஸ், எதிரில் இருந்தவரிடம் இரண்டு ராஜா. இருந்ததை எல்லாம் வைத்தேன். கடைசிச் சீட்டில் ராஜா விழுந்தது. அவருக்கு மூன்று ராஜா ஆகிவிட, நான் வெளியேறினேன். ராத்திரி இரண்டு மணிக்குப் படகில் கரைக்கு வந்து, அறைக்குப் போக மனமில்லாமல் விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நோட்டை எடுத்து ‘சரியாக ஆடினேன்’ என்று எழுதினேன். அதே மாதம் வேறொரு நாள் நல்ல பணம் வந்தது. அதற்கு நேரே ‘தப்பாக ஆடினேன்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். ஜெயித்த ஆட்டத்தில் தன் தப்பைத் தேட முடியாதவரால் இந்தத் தொழிலில் நிற்க முடியாது. எட்டு வருஷத்தில் நான் கற்றதில் பெரியது இதுதான்.

கல்லிடைக்குறிச்சி விவசாயி: தம்பி, முதல் எவ்வளவு வேண்டியிருந்தது?

மாமா, பிசானத்துக்கு எடுத்துவைத்த விதைநெல்லை, கார் நெல் சாவியாய்ப் போயிற்று என்று குத்திச் சாப்பிடுவோமா? எங்கள் முதலும் அப்படித்தான். ஒரு மேஜையில் உட்கார 5,000 ரூபாய் என்றால், அதைப்போல 30 மடங்கு, ஒன்றரை லட்சம், தனியாக இருக்க வேண்டும். போட்டிகளுக்கு 100 மடங்குகூடப் போதாது. வீட்டுச் செலவுக்கு ஒரு வருஷப் பணம் வேறு கணக்கில். 2016இல் தொடர்ந்து ஐந்து மாதம் எனக்கு நஷ்டம். அந்த வேறு கணக்குதான் காப்பாற்றியது.

ஸ்டூ உங்கர் என்று ஓர் அமெரிக்கர். 1980, 1981, 1997 என மூன்று முறை உலகப் போக்கர் போட்டியின் முதன்மைப் பட்டம் வென்றவர். அவரைப்போல் சீட்டை வாசித்தவர்கள் குறைவு. கடைசி வெற்றிக்கு மறு வருஷமே, 1998இல், லாஸ் வேகஸில் ஒரு மோட்டல் அறையில் இறந்துகிடந்தார். போதைப் பழக்கமும் பந்தயங்களும் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டன. அவரை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.

வண்ணார்பேட்டை வாசகர்: 86 டாலர் கட்டிக் கோடீஸ்வரர் ஆனாராமே ஒருவர்?

கிறிஸ் மணிமேக்கர், கணக்கர் வேலை பார்த்தவர். 2003இல் இணையத்தில் தகுதிச் சுற்று ஆடி, 10,000 டாலர் கட்டணமுள்ள உலகப் போட்டிக்குள் நுழைந்து, 25 லட்சம் டாலர் வென்றார். அன்று ஆடியவர்கள் 839 பேர். மறு வருஷம் 2,576 பேர். ஜெயித்தவரின் பெயரைத்தான் எல்லாரும் சொல்கிறோம். மற்ற 838 பேரையும் எண்ணிப் பாருங்கள்.

நெல்லை டவுன் அக்கா: கல்யாணப் பேச்சு வந்தபோது என்ன வேலை என்று சொன்னீர்கள்?

முதலில் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று அம்மா சொன்னார்கள். எனக்கு அது உறுத்தியது. பெண் வீட்டுக்காரர்களிடம் நானே மூன்று வருஷ வரவு செலவு நோட்டையும் வருமான வரித் தாக்கலையும் காட்டினேன். இரண்டு வீட்டார் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்கள். மூன்றாவது வீட்டில் பெண்ணே நோட்டை வாங்கிப் படித்து, ‘இந்த ஐந்து மாதம் எப்படிச் சமாளித்தீர்கள்?’ என்று கேட்டாள். இன்றைக்கும் வீட்டுக் கணக்கு அவள் கையில்தான் இருக்கிறது.

வங்கி ஊழியர்: வரி, சட்டம்?

வென்ற பணத்துக்கு வரி 30 சதவீதம், அதன்மேல் செஸ் என்னும் கூடுதல் வரி தனி. பயணம், தங்கும் அறை எதையும் கழிக்க முடியாது. 2020 நவம்பரில் தமிழ்நாட்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடை போட்டு அவசரச் சட்டம் வந்தது, அன்றே நிறுத்தினேன். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்றது. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எல்லாவற்றையும் நடத்தக் கூடாது என்றுவிட்டது. ஆகவே வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்கும் தம்பிகளுக்கெல்லாம் என் பதில், வேண்டாம்.

அம்பாசமுத்திரம் தாயார்: என் மகன் ஆன்லைன் ரம்மியில் நகையை அடகு வைத்துத் தோற்றுவிட்டான். ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்கிறான்.

அம்மா, அந்த ஒரு சொல்தான் எனக்குப் பயம். விட்டதைப் பிடிக்க உட்கார்ந்தவனுக்குக் கணக்கு மறந்துவிடும். நாங்கள் அதை ‘டில்ட்’ என்போம். அந்த நிலை வந்தால் நான் எழுந்து நடந்துவிடுவேன். உங்கள் மகனால் தானாக எழ முடியவில்லை. அது கெட்ட குணமில்லை, சிகிச்சை வேண்டிய நோய். கடனை மொத்தமாக அடைத்துவிட்டு அவன் கையில் மறுபடி பணம் கொடுக்காதீர்கள். யாருக்கு எவ்வளவு என்று அவனையே உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள், எழுதும்போது திட்டாதீர்கள். 14416க்கு அழைத்தால் மனநல ஆலோசனை இலவசம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாகப் போக அவன் கூச்சப்பட்டால் சொல்லுங்கள், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து நானே கூட்டிப்போகிறேன்.