ஜெயித்த ஆட்டத்தில் எங்கள் குண்டையே அடித்துவிட்டார்

மதிப்பிற்குரிய மேடம்,

விளையாட்டில் தோற்றதற்கெல்லாம் ஆலோசகருக்குக் கடிதமா என்று நீங்கள் சிரிக்கலாம். என் மனைவி சிரித்தேவிட்டாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை போய் 23 நாள் ஆகிறது. தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கண்ணை மூடினால் அந்தக் கடைசிக் குண்டுதான் வருகிறது.

எனக்கு 48 வயது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாகப் பெத்தாங் ஆடுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஆட்டம், வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒரு சின்ன மர உருண்டையை ஆறிலிருந்து பத்து மீட்டருக்குள் எறிவார்கள். அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி இரும்புக் குண்டுகளைப் போட வேண்டும். எதிராளியின் குண்டு பக்கத்தில் நின்றால் அதை அடித்துத் தூக்கலாம். முதலில் 13 புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. மூன்று பேர் அணி என்றால் ஆளுக்கு இரண்டு குண்டு.

எங்கள் அணியில் நான், என் அக்கா வீட்டுக்காரர், கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. மாமாவுக்கு 67 வயது. அவருடைய அப்பா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர். எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்ததே மாமாதான். "உள்ளங்கை தரையைப் பாக்கணும்டா, அப்பதான் குண்டு பின்சுத்து சுத்தி நிக்கும்" என்று மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

இந்த வருஷம் லீக்கில் இரண்டாவது இடம் பிடித்தோம். போன வருஷமும் அரையிறுதியில்தான் போனது, அதுவும் 11-13. இந்த முறை விடக்கூடாது என்று மூன்று மாதம் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் பயிற்சி எடுத்தேன். அரையிறுதியில் 12-10 என்று முன்னால் இருந்தோம். கடைசிச் சுற்று. அவர்களுடைய ஆறு குண்டும் தீர்ந்துவிட்டது. மர உருண்டைக்குப் பக்கத்தில் நிற்பது எங்கள் குண்டு, அந்த ஒரு புள்ளியோடு 13. கணக்குப்படி ஆட்டம் முடிந்துவிட்டது மேடம். மாமா கையில் ஒரு குண்டு மிச்சம். அதை ஓரமாக உருட்டிவிட்டால் போதும். நான் தெளிவாகச் சொன்னேன்: "மாமா, பக்கத்துல இருக்கறது நம்மளுது. சும்மா ஓரமா போட்டுடுங்க." தலையாட்டினார்.

வட்டத்தில் நின்றார். குந்தி, கையைப் பின்னால் கொண்டுபோய், ஒரே அடி. எட்டு மீட்டர் இருக்கும். டணார் என்று சத்தம். எங்கள் குண்டு பறந்துபோய்ப் பலகையில் மோதியது. அவர் எறிந்ததும் பின்னாலேயே ஓடிவிட்டது. உருண்டையைச் சுற்றி மிச்சம் இருந்த மூன்றும் அவர்களுடையது, அவர்களுக்கு மூன்று புள்ளி. 12-13.

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரணிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமா திரும்பி என்னைப் பார்த்து, "எப்படி?" என்று கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில், "வயசாச்சுன்னா வீட்ல உக்காருங்க" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். தப்புதான். ஆனால் நான் தெளிவாகச் சொன்னேனே!

அந்தத் தம்பி அன்றைக்கு ராத்திரியே வாட்ஸ்அப் குரூப்பில் சிரிக்கிற பொம்மை போட்டுவிட்டு வெளியேறிவிட்டான். நடத்துகிறவர்களும் மோசம், பன்னிரண்டு மணி வெயிலில் ஆட வைத்தார்கள். மாமாவும் காலையிலிருந்தே ஆட்டத்தில் மனசாக இல்லை. ஸ்கோரை மூன்று தடவை கேட்டார். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன்: முதல் ஆட்டத்தில் இடைவெளி அளக்க அவர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தபோது கூடவே ஒரு சீட்டு வந்தது. அக்கா கையெழுத்தில் வீட்டு விலாசம், அக்கா போன் நம்பர், என் நம்பர். பழையபடி உள்ளே வைத்துவிட்டேன். அதை விடுங்கள். ஒரு கப் போச்சு என்பதல்ல என் வருத்தம், கையில் இருந்த ஆட்டம் போச்சே என்பதுதான்.

அதிலிருந்து அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. அவர் குண்டுப் பை இன்னும் என் ஸ்கூட்டர் டிக்கியில் கிடக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் கடகடவென்கிறது. அடுத்த வருஷம் அவரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அல்லது நானே விலகிவிடுவதா? நான் தெளிவாகத்தான் சொன்னேன். இந்தக் கோபத்திலிருந்து வெளியே வர வழி சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்,
முத்தியால்பேட்டை

*

அன்புள்ள சகோதரருக்கு,

நான் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் ஆடினவருக்குத் தோல்வி வலிக்கத்தான் செய்யும். எதிரணிக்காரர் சிரித்தது, தம்பி குரூப்பை விட்டுப் போனது, வெயில், போன வருஷத்து 11-13 எல்லாவற்றையும் படித்தேன். அவற்றை அப்படியே ஓரமாக உருட்டிவிடுகிறேன். கடிதத்தில் யாராவது "இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று எழுதினால் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுவது என் பழக்கம். உங்கள் கடிதத்தில் அந்தச் சீட்டின் மேல் கோடு போட்டிருக்கிறேன்.

67 வயது மனிதர். பழகின ஊர், பழகின தெரு. அவர் சட்டைப் பையில் அவர் வீட்டு விலாசத்தையே மனைவி எழுதி வைக்கிறாள் என்றால், உங்கள் அக்கா எதையோ பார்த்திருக்கிறார். ஒரு முறையாவது அவர் வழி தெரியாமல் நின்றிருக்க வேண்டும், அல்லது நின்றுவிடுவாரோ என்று அக்கா பயந்திருக்க வேண்டும். உங்கள் நம்பரையும் எழுதியிருக்கிறார், கவனித்தீர்களா? கணவர் எங்கேயாவது தவறினால் ஓடி வர ஆள் யார் என்று யோசித்தபோது அவருக்கு வந்த பெயர் உங்களுடையது. அந்த ஆள்தான் 23 நாளாக அந்தப் பக்கமே போகவில்லை.

"தெளிவாகச் சொன்னேன்" என்று மூன்று தடவை எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். நீங்கள் சொன்னது தெளிவாகத்தான் இருந்திருக்கும். அது அவரிடம் எத்தனை நொடி நின்றது என்பதுதான் கேள்வி. அந்த அடியை நீங்கள் குற்றச்சாட்டாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சாட்சியம். கைக்குள் அடங்குகிற ஒரு குண்டை எட்டு மீட்டரிலிருந்து நேராக அடித்துத் தூக்க எவ்வளவு கணக்கு வேண்டும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கை அதை மறக்கவில்லை, கண்ணும் மறக்கவில்லை. நீச்சல், சைக்கிள், தையல் மாதிரி உடம்பு பழகின வித்தைகள் மூளையில் வேறு இடத்தில், வேறு விதமாகப் பதிந்திருக்கும். அரை நிமிஷம் முன்னால் காதில் விழுந்த "பக்கத்துல இருக்கறது நம்மளுது" என்பது இன்னொரு விதம். மறதி நோய்களில் பெரும்பாலும் முதலில் கழன்றுபோவது இந்தப் புதுச் செய்திதான், பழைய வித்தை ரொம்ப நாள் தாங்கும். அவருக்குத் தெரிந்த அளவில், எதிராளியின் குண்டை அடித்து உங்களை ஜெயிக்க வைத்துவிட்டார். "எப்படி?" என்று திரும்பிப் பார்த்தாரே, பாராட்டை எதிர்பார்த்துப் பார்த்த முகம் அது.

அதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

இங்கே நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது. அந்தச் சீட்டை நீங்கள் பார்த்தது முதல் ஆட்டத்தில். கத்தியது அரையிறுதியில். நடுவில் சில மணி நேரம் அது உங்களுக்குத் தெரியும். "பழையபடி உள்ளே வைத்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சீட்டை மட்டுமா உள்ளே வைத்தீர்கள்? அன்றைக்குக் கோப்பை வேண்டியிருந்தது, அதனால் மாமா நன்றாக இருந்தாக வேண்டியிருந்தது. அவர் தப்புச் செய்ததும், அவர் நன்றாக இல்லை என்பது நாற்பது பேர் முன்னால் வெளியே வந்துவிட்டது. நீங்கள் பயந்தீர்கள் தம்பி. பயத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டால் கொஞ்ச நேரம் தெம்பாக இருக்கும், கவனக்குறைவு என்று திட்டலாம், வயசு என்று திட்டலாம். ராத்திரி இரண்டு மணிக்கு அது பழையபடி பயமாகவே வந்து எழுப்புகிறது. மணிக்கட்டைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவர் கை நழுவிப் போகிறாரோ என்கிற பயம், 12-13 என்கிற வேஷத்தில் வருகிறது.

அதற்காக அவருக்கு இன்ன நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. காது சரியாகக் கேட்காத பெரியவர்கள், கேட்டது போலத் தலையாட்டிவிடுவது உண்டு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, சர்க்கரை ஏற்ற இறக்கம், தூக்க மாத்திரை, வெளியே தெரியாத மனச்சோர்வு இவையெல்லாம் மறதி போலவே வேஷம் போடும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும், அதனால்தான் தள்ளிப்போடக் கூடாது. முதலில் ஒரு பொது மருத்துவர், ரத்தப் பரிசோதனை, காது பரிசோதனை. அவர் அனுப்பினால் நரம்பியல் நிபுணர். உங்கள் ஊரிலேயே ஜிப்மர் இருக்கிறது. போகும்போது எப்போது, எங்கே, என்ன மறந்தார் என்று அக்கா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி எடுத்துப்போங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் ரொம்ப உதவும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: "இன்னைக்கு என்ன கிழமை மாமா?" என்று வீட்டில் பரீட்சை வைப்பது. பதில் தெரியாமல் விழிப்பது அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வருஷம் அவரை எடுப்பதா என்று கேட்டீர்கள். போட்டிக்கு வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்யலாம், அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆட்டமே வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. அவரிடம் பத்திரமாக மிச்சம் இருப்பதே அதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும், ஸ்கோர் எழுதாமல் நீங்கள் இரண்டு பேரும் ஆடலாம். எது யாருடையது என்று வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், பக்கத்தில் போய்க் காலால் தொட்டுக் காட்டுங்கள்.

ஆனால் முதலில் பேச வேண்டியது அவரிடம் இல்லை, அக்காவிடம். அந்தச் சீட்டை எழுதின அன்றைக்கு அவர் தனியாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். "பார்த்தேன் அக்கா" என்று நீங்கள் சொன்னால் போதும், மிச்சத்தை அவரே சொல்வார். போன் வேண்டாம், நேரில் போங்கள். போவதற்குக் காரணம் வேண்டுமென்றால் உங்கள் டிக்கியிலேயே கடகடத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குண்டுகளை ஒரு துணியால் மண் போகத் துடைத்து எடுத்துப்போங்கள்.

மாமா திண்ணையில் இருந்தால், கத்தியதற்கு மன்னிப்புக் கேளுங்கள், அவருக்கு அது ஞாபகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்த மேட்ச் என்ன ஆச்சுடா என்று அவர் கேட்டாலும் கேட்கலாம். 12-13 என்று சொல்லுங்கள். நல்ல அடி மாமா என்றும் சொல்லுங்கள். அது யார் குண்டு என்று சொல்ல வேண்டியதில்லை.