தெருவழியே அளந்த தூரம் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். வொரோனாய் வரைபடம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மருத்துவமனைகளைப் புள்ளிகளாக வைத்து, எந்த வீட்டுக்கு எது பக்கம் என்று ஊரைப் பிரிப்பதை விளக்கியிருந்தீர்கள். ஆனால் அது நேர்க்கோட்டுத் தூரம்தானே? நடுவில் ஆறு ஓடினால், எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரிகிற மருத்துவமனைக்கும் பாலத்தைச் சுற்றித்தான் போகவேண்டும். சாலைவழியாகப் பிரிக்க முடியுமா? இன்னொன்று. குறுகிய பாதைக்குக் கணினியறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இலேயே வழி சொல்லிவிட்டார் என்று கல்லூரியில் படித்தோம். அப்புறமும் இதில் ஆராய என்ன மிச்சம்?

எம்.

அன்புள்ள எம்,

முடியும். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அப்படித்தான் அளந்தார். 1854இல் லண்டனின் ஸோஹோ பகுதியில் காலரா பரவியபோது, பிராட் தெருப் பம்பின் தண்ணீர்தான் காரணம் என்று வாதிட்டவர் அவர். வீடுவீடாக இறந்தவர்களைக் கறுப்புக் கோடுகளாகக் குறித்த அவருடைய வரைபடத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். 1855இல் விசாரணைக் குழுவின் அறிக்கைக்கு அவர் தந்த வரைபடத்தில் கூடுதலாக ஒரு புள்ளிக்கோடு உண்டு. அந்தப் பம்புக்கும் சுற்றியுள்ள மற்றப் பம்புகளுக்கும் தெருவழியாகச் சமதூரத்தில் இருக்கும் இடங்களை இணைத்த கோடு அது. தண்ணீர் எடுக்கப் போகிறவர் தெருவில்தானே நடப்பார்? இந்த வரைபடத்துக்குப் பெயர் தந்த கணித அறிஞர் வொரோனாய் பிறந்ததே 1868இல். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கோடு இதுதான்.

இன்று அதைக் கணினியில் போடுவது சுலபம். டைக்ஸ்ட்ராவின் முறை ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி, பக்கத்தில் இருப்பதை முதலில் எட்டியபடி பரவும். அதை எல்லா மருத்துவமனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடுங்கள். ஒவ்வொரு தெருச்சந்திப்பையும் எது முதலில் எட்டுகிறதோ, அதன் பெயரை அங்கே எழுதிவையுங்கள். மருத்துவமனை ஒன்றானாலும் ஆயிரமானாலும் ஒரே ஓட்டம்தான். ஆறு, பாலம், ஒருவழிச்சாலை எல்லாம் தானாகவே கணக்கில் வந்துவிடும். ஒருவழிச்சாலை இருந்தால் வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் திசையைக் கவனிக்கவேண்டும், அவ்வளவுதான்.

சரி, மிச்சம் என்ன? கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். இந்தச் சாலைவலையில் ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில் இருக்கும் இரண்டு இடங்கள் எவை? டைக்ஸ்ட்ராவை ஒவ்வொரு சந்திப்பிலிருந்தும் ஓட்டினால் விடை வரும். பத்து லட்சம் சந்திப்புகள் என்றால் லட்சம் கோடி ஜோடிகளைப் பார்த்தாகவேண்டும். பொதுவான கோட்டுருக்களில் (முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட வலைகளில்) சாலைகள் குறைவாக இருந்தால்கூட இதைப் பெரிதாகக் குறைக்கமுடியாது என்று நம்ப வலுவான காரணங்கள் இருக்கின்றன.

ஆனால் சாலைவலை ஏறக்குறைய ஒரு சமதளக் கோட்டுரு. அதாவது சந்திப்பு இல்லாத இடத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது (மேம்பாலங்களை விட்டுவிடுவோம்). இந்த ஒரு குணத்துக்கு எவ்வளவு பலம் என்று 1979இல் லிப்டன், டார்ஜன் என்ற கணினியறிஞர்கள் காட்டினார்கள். பத்து லட்சம் முனைகளில் மூவாயிரத்துக்கும் குறைவானவற்றைச் சரியாகத் தேர்ந்து எடுத்துவிட்டால் கோட்டுரு இரண்டாகப் பிரிந்துவிடும். எந்தப் பக்கமும் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. அப்படியும் தொலைவு ஜோடிக் கேள்வி பல காலம் அசையவில்லை. அசைத்தவர் ஸ்லோவேனியாவில் பணியாற்றும் செர்ஜியோ கபெயோ, 2017இல். அவர் கையில் எடுத்தது வொரோனாய் வரைபடம்!

உங்கள் ஆற்றையே வைத்துச் சொல்கிறேன். கோட்டுருவை இரண்டாகப் பிரிக்க எடுத்த முனைகளைப் பாலங்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் நீங்கள். எதிர்க்கரையில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஏதோ ஒரு பாலத்தைக் கடந்தாகவேண்டும். ஒவ்வொரு பாலத்துக்கும் உங்கள் வீட்டிலிருந்து ஒரு தூரம் உண்டு. பாலங்களை மருத்துவமனைகளாக நினைத்து, அந்தந்தத் தூரத்தைக் கூட்டி, எதிர்க்கரையை வொரோனாய் முறையில் பிரியுங்கள். எந்த வீட்டுக்கு எந்தப் பாலம் வழி என்பது தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு பகுதியிலும் அதிகத் தொலைவில் இருப்பது எது என்று பார்த்தால் போதும்.

இதை உங்கள் அண்டை வீட்டுக்கும் அடுத்த தெருவுக்கும் முதலிலிருந்து செய்தால் லாபமே இல்லை. இங்கேதான் சமதளம் கைகொடுக்கிறது. எதிர்க்கரையில் லட்சம் வீடுகள் இருக்கட்டும், பகுதிகளின் எல்லைகள் சேரும் இடங்கள் எத்தனை என்பதைப் பாலங்களின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கும், வீடுகளின் எண்ணிக்கை தீர்மானிக்காது. இரண்டிரண்டு பாலங்களுக்கு இடையே வரக்கூடிய எல்லைகளை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையான துண்டுகளைத் தைத்துக்கொள்ளலாம். லட்சம் வீடுகளையும் மறுபடி தொடவேண்டியதில்லை. இதைப் புரிந்துகொண்ட அன்று நான் வேறு வேலை பார்க்கவில்லை.

சந்திப்புகளின் எண்ணிக்கை n என்றால், எல்லா ஜோடிகளையும் பார்க்க n-இன் அடுக்கு 2 ஆகும். கபெயோவின் முறைக்கு ஆகும் நேரம் n-இன் அடுக்கு 11/6. அடுத்த ஆண்டே காவ்ரிகோவ்ஸ்கி, கப்லான், மோசஸ், ஷாரிர், வைமான் ஐவரும் தற்செயல் எண்களின் துணையில்லாமல் அதை 5/3 ஆக்கினார்கள். மடக்கைகளையும் மாறிலிகளையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், லட்சம் கோடி முதலில் பத்தாயிரம் கோடியாகி, பிறகு ஆயிரம் கோடியாகிறது. ஒதுக்கியவை சின்னவை அல்ல, அதனால் இதை நொடிக்கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் போனில் வழி காட்டும் செயலிகளும் பெரும்பாலும் வேறு உத்திகளையே நம்புகின்றன. ஆனால் டைக்ஸ்ட்ராவோடு முடிந்துபோன விஷயம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் ஒரு புள்ளியிலிருந்து தூரங்களைத் தந்தார். எல்லாப் புள்ளிகளையும் பற்றிய கேள்விக்கு, எல்லாவற்றையும் கணக்கிடாமலே பதில் சொல்வது வேறு வித்தை.

நிரல் எழுதத் தெரியும் என்றால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து உங்கள் ஊர்ச் சாலைகளை இறக்கி, முதல் பகுதியைச் செய்துபாருங்கள். ஒரு பாலத்தை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எந்தெந்தத் தெருக்களுக்கு மருத்துவமனை மாறுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்